புகைபோக்கி இல்லாத மாவட்டம்

தருமபுரி மாவட்டத்தில் அனல்மின் நிலையம் கிடையாது. நிலக்கரிச் சுரங்கம் கிடையாது, துறைமுகம் கிடையாது, சாம்பல் குளம் கிடையாது. இதை என் மச்சான் ஒருவர் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு பெருமையாகச் சொன்னார். புதிதாகப் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கியிருந்தார். போச்சம்பள்ளிப் பக்கம் செய்கிற வண்டி. கிருஷ்ணகிரியில் செய்ததைத் தருமபுரிக்காரன் ஓட்டுகிறான் என்ற சந்தோஷம் வேறு. "நிலக்கரிப் பிரச்சினைன்னா அது எண்ணூர்க்காரன் கவலை, நெய்வேலிக்காரன் கவலை. நமக்கென்னா இருக்குது?" என்றார். ரசம் வந்துவிட்டதால் பேச்சு அதோடு நின்றது. எனக்குள் மட்டும் நிற்கவில்லை.

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்பதுதான் உறுத்தல். நிலக்கரி பற்றி எழுதுகிறவர்கள் மூன்று இடங்களுக்குப் போவார்கள்: தோண்டுகிற இடம், எரிக்கிற இடம், சாம்பல் கொட்டுகிற இடம். எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் கலந்து மீனவர்கள் வலையை இழந்த கதை எல்லோருக்கும் தெரியும். 2023 ஜூலையில் நெய்வேலி அருகே வளையமாதேவியில் கதிர் பிடித்த நெல்வயலுக்குள் பொக்லைன் இறங்கியதை நாம் எல்லோருமே போனில் பார்த்தோம். இந்த மூன்று இடங்களுக்கும் நடுவில் எங்களைப் போன்ற மாவட்டங்கள் இருக்கின்றன. அங்கே யாரும் கேமராவோடு வருவதில்லை. பாதிக்கப்பட்டவர்கள் பட்டியலிலும் நாங்கள் இல்லை, பயனடைந்தவர்கள் பட்டியலிலும் பெரிதாக இல்லை.

மொரப்பூர் வழியாக

ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் போகிற ரயில் பாதை சாமல்பட்டி, மொரப்பூர், பொம்மிடி வழியாகத்தான் போகிறது. நான் அந்தப் பாதையோரம் வளர்ந்தவன். எங்களுக்கு அது கரி வண்டி. பயணி வண்டிகளுக்கு நேரம் உண்டு, கரி வண்டிக்குக் கிடையாது. கேட் போட்டுவிட்டால் ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது வேகன் போய் முடிகிற வரைக்கும் பால்காரரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நிற்க வேண்டியதுதான். மேலே மூடாத வேகன்கள். மழை பெய்த மறுநாள் வந்தால் அடித்தட்டு இடுக்குகளிலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும். வெயில் காலத்தில் வேகம் பிடித்து வந்தால் கேட்டில் நிற்கிறவர்கள் தன்னையறியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அது எங்கே போகிறது என்று சின்ன வயதில் யாரும் கேட்டதில்லை. மேட்டூருக்குப் போகிறது.

அது வருகிற வழியைப் பிறகு தெரிந்துகொண்டபோது தலை சுற்றியது. ஒடிசாவின் தால்சேரில் வெட்டிய நிலக்கரி ரயிலில் பாரதீப் துறைமுகம் வரும். அங்கே கப்பலேறி எண்ணூரில் இறங்கும். மறுபடி ரயிலேறி அரக்கோணம், காட்பாடி, மொரப்பூர், சேலம், ஓமலூர் என்று சுற்றி மேட்டூர் அணைக்குப் போகும். அங்கே 1987 தொடங்கி 1990க்குள் அமைந்த 210 மெகாவாட் அலகுகள் நான்கு, பிறகு வந்த 600 மெகாவாட் அலகு ஒன்று, ஆக 1,440 மெகாவாட். நம் நாட்டு நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறக்குறைய 700 கிராம் எரிக்க வேண்டும். அந்தக் கணக்கில், 210 மெகாவாட் அலகு ஒன்று முழு வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்கு ஒரு ரயில் நிலக்கரியைத் தின்றுவிடும். கேட்டில் நின்று நாங்கள் வேகன் எண்ணியது ஓர் அலகின் ஒரு நாள் சாப்பாட்டை.

வீட்டுக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடுகிற வீடு என்று வைத்துக்கொள்வோம். அத்தனையும் நிலக்கரியில் வந்ததென்றால் 280 கிலோ கரி. நம் கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல், ஆக சுமார் 100 கிலோ சாம்பல். புகைபோக்கி வழியாக 400 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கரியமில வாயு. தமிழ்நாட்டில் காற்றாலையும் சூரிய ஒளியும் நிறைய இருப்பதால் உண்மையான கணக்கு இதைவிடக் குறையும்தான். ஆனாலும் நாடு முழுக்க உற்பத்தியாகிற மின்சாரத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் இன்னும் நிலக்கரிதான். மச்சான் ராத்திரி பத்து மணிக்கு ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போடுகிறார். அந்த நேரத்தில் சூரியன் எங்கே இருக்கிறது?

புகை விஷயமும் அப்படித்தான். மேட்டூருக்கும் பென்னாகரத்துக்கும் நடுவில் மாவட்ட எல்லை உண்டு, காற்றுக்கு அது தெரியாது. அனல்மின் நிலையங்கள் கந்தக டையாக்சைடை இவ்வளவுக்குள் அடக்க வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரில் விதி போட்டது. இரண்டு வருடம் கெடு. பிறகு கெடு நீண்டது, மறுபடி நீண்டது. கடைசியில் 2025 ஜூலையில், நாட்டிலுள்ள பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தகம் நீக்கும் கருவியே கட்டாயமில்லை என்று ஆகிவிட்டது. பத்து வருடம் தள்ளிப்போட்டால் விதியே தளர்ந்துபோகும் என்பதை இனி யார் வேண்டுமானாலும் முன்னுதாரணமாகக் காட்டலாம்.

சாம்பலும் எங்களிடம் வருகிறது. மேட்டூரிலிருந்து தொப்பூர் வருகிற சாலையில் பல்க்கர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். சிமெண்டுக்கும் ஃப்ளை ஆஷ் கல்லுக்கும் போகிற சாம்பல். நான் வீடு கட்டியபோது கல் பார்க்க ஒரு பட்டறைக்குப் போனேன். சூளை இல்லை, நெருப்பு இல்லை. சாம்பல், கிரஷர் தூள், கொஞ்சம் சிமெண்ட், தண்ணீர், ஒரு அழுத்துகிற இயந்திரம், அவ்வளவுதான். வயல் மண்ணை வெட்டிச் சூளை போடுவதைவிட இது நல்லது என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஆனால் மிக்சரில் சாம்பலைக் கொட்டுகிற பையனின் புருவம், இமை, காது மடல் எல்லாம் வெளிர்சாம்பல் நிறத்தில் இருந்தது. மூக்கில் ஒரு துண்டு, அதுவும் நழுவிக் கழுத்தில் கிடந்தது. ஊர் எது என்று கேட்டேன். ஒடிசா, பலாங்கீர். தால்சேர் பார்த்திருக்கிறாயா என்றேன். கேள்விப்பட்டதோடு சரி என்றான். கல்லின் விலையை ஓனர் சொன்னார், நானும் கொஞ்சம் குறைத்துப் பேசினேன். பையனின் நுரையீரல் அந்தப் பேரத்தில் வரவில்லை.

சித்தப்பா காட்டில்

இதெல்லாம் கட்டுரையாக எழுதலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். பாலக்கோடு பக்கம் மேட்டுக்காடு. தாத்தா வைத்த பெங்களூரா மாமரங்கள் முப்பதுக்கு மேல் இருந்தன. மாங்கூழ் தொழிற்சாலைக்குப் போகிற காய், வருடா வருடம் மண்டிக்காரர் வந்து மரத்தோடு விலை பேசிவிட்டுப் போவார். சில வருடங்களுக்கு முன் ஒரு உயர் அழுத்த மின்தடம் அந்தக் காட்டுக்கு மேலே போனது. எந்தத் தடம், எந்த நிறுவனம் என்று இங்கே எழுதப்போவதில்லை, வழக்கு நடக்கிறது. முதலில் அளவுக்காரர்கள் வந்து மரத்துக்கு மரம் சிவப்புப் பெயிண்டில் எண் போட்டார்கள். அப்புறம் வருவாய்த் துறை ஆளும் போலீசும் நிற்க, மரம் அறுக்கிற மெஷின் வந்தது. சித்தப்பா வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டாராம். சித்தி மட்டும் வாசலில் நின்று பார்த்திருக்கிறார்.

நான் போன அன்று தூறல். கோபுரத்தின் நான்கு கால்களுக்கு நடுவில் பார்த்தீனியம் இடுப்பளவு வளர்ந்திருந்தது. உள்ளே டிராக்டர் திரும்ப இடமில்லாததால் அந்தத் துண்டு நிலம் அப்படியே கிடக்கிறது. ஈரக் காற்றில் மேலே கம்பி, காய்ந்த எண்ணெயில் அப்பளம் போட்டமாதிரி சளசளத்துக்கொண்டே இருந்தது. குடையோடு கம்பிக்குக் கீழே போனேன், கைப்பிடியின் உலோகத்தில் விரல் பட்டதும் சுருக்கென்றது. "அது அப்படித்தான், ஒண்ணும் ஆவாது" என்றார் சித்தப்பா. "மொதல்ல மாடு இந்தப் பக்கம் வரமாட்டேன்னுச்சு. இப்ப அதுக்கும் பழகிடுச்சு."

நான் வாயைக் கிளறினேன். நிலக்கரி, புகை, சுற்றுச்சூழல் என்றெல்லாம் பேசினேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கரண்ட்டு வேணாம்னு நான் எங்கடா சொன்னன்? எம் போரு ஆயிரத்தி நூறு அடி. கரண்ட்டு இல்லாட்டி இந்தக் காட்டுல புல்லுகூட மொளைக்காது." பிறகு வடக்கே கையைக் காட்டினார். நாலு காடு தள்ளி ஒரு செல்போன் டவர். "அவன் அரை சென்ட் எடம் உட்டான். மாசமானா வாடகை வருது. அக்ரிமென்ட் இருக்குது, முடிஞ்சா ஏத்திக் கேக்கறான், இல்ல காலி பண்ணச் சொல்றான். எங்காட்டுல நிக்கறதும் டவருதான? இதுக்கு ஏன் வாடகை இல்ல?"

நான் அவரிடம் ஒரு புலம்பலை எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் கேட்டது ஒரு வீட்டுக்காரன் குடித்தனக்காரனிடம் கேட்கிற கேள்வி. ஒரு வாரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவரை நான் எண்ணி வைத்திருந்ததெல்லாம் கிலோவும் டன்னும். அவர் எண்ணியது வேறு: யாரிடம் கேட்டுவிட்டு எடுத்தார்கள், எத்தனை காலத்துக்கு எடுத்தார்கள், ஒரு தடவை கொடுத்ததோடு கணக்கு முடிந்ததா.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். கம்பம் நட, கம்பி இழுக்க நிலத்தைக் கையகப்படுத்தத் தேவையில்லை. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் தந்திக் கம்பத்துக்குக் கொடுத்த அதிகாரத்தை, 2003 மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவு வழியாக மின்தடம் போடுகிறவர்களுக்கும் அரசு கொடுக்கலாம். நிலம் உங்கள் பெயரில்தான் இருக்கும், பட்டா மாறாது, வரியும் நீங்கள்தான் கட்டுவீர்கள். பயன்படுத்துகிற உரிமை மட்டும் அவர்களுக்கு. மறுத்தால் ஆட்சியர் உத்தரவு போடலாம். இழப்பீடு போதாதென்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். வெள்ளைக்காரன் காலத்தில் ஒற்றைக் கம்பத்தில் ஒரு கம்பி போனதற்கு எழுதிய சட்டம், இன்றைக்கு 60, 70 மீட்டர் அகலத்துக்குத் தென்னையும் மாமரமும் வைக்கக் கூடாது, வீடு கட்டக் கூடாது என்கிற தடத்துக்கும் பொருந்துகிறது.

இழப்பீட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கோபுரம் நிற்கிற இடத்துக்கு நில மதிப்பில் 85 விழுக்காடு, கம்பிக்குக் கீழே உள்ள அகலத்துக்கு அதிகபட்சம் 15 விழுக்காடு என்று மத்திய மின்துறை 2015இல் வழிகாட்டுதல் போட்டது. 2024இல் அதை 200, 30 என்று உயர்த்தியது. 2015க்கு முன்னால் கம்பிக்குக் கீழே இருந்தவனுக்குப் பயிருக்கும் மரத்துக்கும் மட்டும்தான் காசு. மேற்கு மாவட்ட விவசாயிகள் கோபுரத்தில் ஏறி, கஞ்சித் தொட்டி திறந்து, கைதாகிப் போராடிய வருடங்களுக்கு இந்த உயர்வில் பங்கு இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நில மதிப்பு என்பது வழிகாட்டி மதிப்பா சந்தை மதிப்பா என்ற இழுபறி ஒவ்வொரு ஊரிலும் உண்டு. எவ்வளவு உயர்ந்தாலும் அது ஒரு தடவை கொடுக்கிற பணம். மாமரம் அறுபது வருடம் காய்க்கும்.

கம்பியின் அந்தப் பக்கம்

எங்கள் மாவட்டங்களில் அதிகம் பேசப்பட்ட தடம் ராய்கர்–புகளூர். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு வருகிற 800 கிலோவோல்ட் நேர்மின் (டி.சி.) தடம். ஏறக்குறைய 1,765 கிலோமீட்டர், 6,000 மெகாவாட் கொண்டுவரக்கூடியது. இந்தத் தடத்தில் நடுவில் எங்கேயும் தட்டி எடுக்க முடியாது. ஒரு முனையில் மாற்றி ஏற்ற வேண்டும், மறுமுனையில் மாற்றி இறக்க வேண்டும். நடுவில் இருக்கிற ஊர்களுக்கு அது வானத்தில் போகிற பொருள், அவ்வளவுதான். கீழே த்ரீ பேஸ் எப்போது வரும் என்று மோட்டார் கொட்டகையில் விவசாயி காத்துக்கொண்டிருப்பான்.

ராய்கர் எப்படிப்பட்ட ஊர் என்று தேடியபோது சித்தப்பாவின் கேள்வி அங்கேயும் இருந்தது. அது நிலக்கரி மாவட்டம். தம்னார் வட்டாரத்தில் பழங்குடிக் கிராமங்களைச் சுற்றிச் சுரங்கங்கள். சுரங்கத்துக்கு முன் மக்களிடம் முறையாகக் கருத்துக் கேட்டார்களா என்று கேட்டு வழக்குப் போட்டவர்களில் ஒருவர் ரமேஷ் அகர்வால். ராய்கர் நகரில் சின்னதாக இண்டர்நெட் கடை வைத்திருந்தவர். 2012இல் பசுமைத் தீர்ப்பாயம் ஒரு சுரங்கத்தின் சுற்றுச்சூழல் அனுமதியை ரத்து செய்தது. அதே வருடம் ஜூலையில் கடைக்குள் புகுந்து அவரைச் சுட்டார்கள். தொடை எலும்பு நொறுங்கியது, உயிர் பிழைத்தார். 2014இல் அவருக்குச் சுற்றுச்சூழலுக்கான கோல்ட்மேன் விருது கொடுத்தார்கள். எங்களிடம் மரத்தை அறுக்கும்போது போலீஸ் நின்றது. அங்கே துப்பாக்கி வரைக்கும் போயிருக்கிறது. இரண்டையும் சமமாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. கேட்காமல் எடுப்பது என்ற பழக்கம் மட்டும் ஒன்றுதான்.

கேட்கிற இடத்தில் வேறு மாதிரியும் நடக்கிறது. புகளூரில் இறங்கிய மின்சாரத்தில் 2,000 மெகாவாட் வரை கேரளத்துக்கு எடுத்துப் போகிற தடம் 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதில் திருச்சூர் பக்கம் 27 கிலோமீட்டர் மண்ணுக்கடியில் கேபிளாகப் போகிறது. அங்கே நிலம் கிடைக்காது, மக்கள் நெருக்கம், எதிர்ப்பு என்பது காரணம். எங்கள் விவசாயிகள் போராட்டத்தில் திரும்பத் திரும்பக் கேட்டது இதைத்தான்: சாலையோரம் புதைத்துக்கொண்டு போங்கள். எல்லாத் தடத்தையும் புதைக்க முடியாது, செலவு பல மடங்கு என்று பொறியாளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முடியுமா முடியாதா என்பது வோல்டேஜை மட்டும் பொறுத்ததல்ல, எதிரில் நிற்கிறவன் யார் என்பதையும் பொறுத்தது.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் பம்ப்செட் மின்சாரம் 1990 முதல் இலவசம். சித்தப்பாவின் ஆயிரத்து நூறு அடி போரும் அதில்தான் ஓடுகிறது. எங்கள் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. காவிரித் தண்ணீரைப் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்ற இரவும் பகலும் மோட்டார் ஓட வேண்டும். பல் பழுப்பேறாமல் எங்கள் பிள்ளைகள் வளர்வதற்கும் ஏதோ ஒரு ஊரின் கரி எரிகிறது. 2012இல் பகலெல்லாம் கரண்ட் இல்லாமல் கிடந்த வருடத்தை மறந்தவர்கள்தான், நாளைக்கே எல்லா அனல்மின் நிலையத்தையும் மூடு என்று சுலபமாக எழுதுவார்கள். "ஓசிக் கரண்ட்டு வாங்கறவன் வாயத் தொறக்கக் கூடாதுன்னு ஆபீசருங்க சொல்றாங்க" என்று சித்தப்பாவே சொன்னார். ஓசி வாங்குவதால் காட்டையும் ஓசியில் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

நிலக்கரி போய்ச் சூரிய ஒளி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிற நண்பர்கள் உண்டு. புகையைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி, சீக்கிரம் வரட்டும். ஆனால் சூரிய மின்சாரமும் கோபுரத்தில்தான் வரும். அதே 164ஆம் பிரிவு, அதே சிவப்புப் பெயிண்ட். அதனால்தான் எனக்குப் பாவகடா முக்கியமாகப் படுகிறது. கர்நாடகத்தின் துமகூரு மாவட்டத்தில் சுமார் 13,000 ஏக்கரில் அமைந்த 2,050 மெகாவாட் சூரிய மின்பூங்கா. அங்கே நிலத்தை வாங்கவில்லை, குத்தகைக்கு எடுத்தார்கள். தொடக்கத்தில் ஏக்கருக்கு வருடம் 21,000 ரூபாய், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை உயர்வு. நிலமில்லாத கூலிக்காரர்களுக்கு அந்தத் திட்டத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை என்ற குறை நியாயமானது. ஆனாலும் மின்சாரத்துக்காக நிலம் கொடுத்தவனுக்கு வருடா வருடம் வாடகை கொடுத்தால் திட்டம் திவாலாகிவிடாது என்பதற்கு எங்களுக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. சித்தப்பாவிடம் சொன்னேன். "அப்ப குடுக்க முடியாதுன்னு இல்ல" என்று மட்டும் சொன்னார்.

அவருடைய மனு மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கிறது. மரத்துக்குக் கொடுத்த தொகை போதாது என்பதுதான் மனு. வாடகை கேட்கச் சட்டத்தில் வழி இல்லை என்று வக்கீல் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். அடுத்த வாய்தாவுக்குள், ஒவ்வொரு வருடமும் காய் என்ன விலைக்குப் போனது என்பதற்குச் சீட்டு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். சித்தப்பாவிடம் சீட்டு இல்லை. தாத்தா காலத்திலிருந்து மண்டிக்காரர் மரத்தைப் பார்த்து வாய்ப்பேச்சில் விலை சொல்வார், இவர் தலையாட்டுவார், பணம் கைக்கு வரும். இப்போது அந்த மண்டிக்காரரின் மகனைத் தேடிக் காவேரிப்பட்டணத்துக்கு நடந்துகொண்டிருக்கிறார். பழைய கணக்கு நோட்டு பரணில் எங்கேயாவது கிடக்கும், தேடித் தருகிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறாராம்.